உயிரிப் பின்னூட்டத் தொழிலில் சான்றளிப்பும் தொடர்கல்வியும்: அமெரிக்க வரலாறு (1969–2021)

ஆய்வுச் சுருக்கம்

உடலின் நுண்ணிய இயக்கங்களைக் கருவியால் அளந்து, அந்த அளவீட்டை ஒளியாகவோ ஒலியாகவோ உடனுக்குடன் உரியவருக்கே காட்டி, அவ்வியக்கங்களைத் தாமே நெறிப்படுத்தக் கற்பிக்கும் முறை உயிரிப் பின்னூட்டம் ஆகும். பயோஃபீட்பேக் என்னும் பெயரில் பரவலாக அறியப்படும் இம்முறை 1960களின் இறுதியில் அமெரிக்க ஆய்வகங்களில் உருப்பெற்றது. இதனைக் கையாள்வோருக்கெனத் தனிச் சான்றளிப்பு அமைப்பு 1981-இல் தோன்றியது. அரசு கருவியை ஒழுங்குபடுத்தியபோதும் கையாள்பவரை ஒழுங்குபடுத்தாமையும், துறையின் தொடக்கக்கால முடிவுகள் சில நிலைபெறாமற் போனமையும் அதன் பின்னணியாக அமைந்தன. ஒருமுறை எழுதும் தேர்வைக் காட்டிலும் தொடர்கல்வியே இத்தொழிலின் நம்பகத்தன்மையைத் தாங்கி நிற்கிறது என்பதை வரலாற்று நிகழ்வுகளின்வழி இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: உயிரிப் பின்னூட்டம், நரம்புப் பின்னூட்டம், உரிமம், தொழில்முறைச் சான்றளிப்பு, தொடர்கல்வி

முன்னுரை

நலவாழ்வுத் தொழில்களில் ஈடுபடுவோர்க்கு இருவகை ஒப்புதல்கள் வழங்கப்படுகின்றன. முதலாவது, அரசு சட்டத்தின்வழி அளிக்கும் உரிமம். உரிமம் இன்றித் தொழில் புரிதல் குற்றமாகும். இரண்டாவது, தொழிலினர் தாமே ஏற்படுத்திக்கொண்ட அமைப்பு அளிக்கும் சான்றிதழ். இது அவரவர் விருப்பத்தின்பாற்பட்டது. இதனைப் பெறாதவரும் தொழில் புரியலாம். அமெரிக்காவில் உயிரிப் பின்னூட்டத்துக்கென வழங்கப்படுவது இவ்விரண்டாம் வகைச் சான்றிதழே.

தலைவலிக்கோ பதற்றத்துக்கோ சிறுநீர்க் கட்டுப்பாடின்மைக்கோ தீர்வு நாடி வருபவர், பயிற்சி அறையின் சுவரில் மாட்டப்பட்டுள்ள சான்றிதழைக் காண்கிறார். அச்சான்றிதழ் அவருக்கு எதனை உறுதியளிக்கிறது, எதனை உறுதியளிக்கவில்லை என்னும் வினா எளியதாகத் தோன்றினும், அதற்கான விடை இத்துறையின் அரைநூற்றாண்டு வரலாற்றில் பொதிந்துள்ளது.

1. ஆய்வகத்திலிருந்து பொதுவெளிக்கு

உயிரிப் பின்னூட்டம் ஒரே மூலத்திலிருந்து தோன்றியதன்று. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1950களின் பிற்பகுதியில் ஜோ காமியா, மூளையின் ஆல்ஃபா அலைகள் எழும் தருணத்தை மனிதரால் இனங்காண இயலுமா என ஆராய்ந்தார். ஜான் பாஸ்மாஜியன் 1963-இல் வெளியிட்ட ஆய்வு, தனித்தனித் தசை இயக்க அலகுகளைக்கூட மனிதர் விருப்பம்போல் இயக்கப் பழகலாம் எனக் காட்டியது. நீல் மில்லரும் லியோ டிகாராவும் எலிகளைக் கொண்டு நடத்திய சோதனைகள், இதயத் துடிப்பு போன்ற தன்னியக்க நரம்பு மண்டலச் செயல்களையும் வெகுமதி அளித்து மாற்றலாம் என்னும் முடிவை முன்வைத்தன. கன்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரில் இருந்த மெனிங்கர் நிறுவனத்தில் எல்மர் கிரீனும் ஆலிஸ் கிரீனும் கைவிரல்களின் வெப்பநிலையை உயர்த்தும் பயிற்சியை ஒற்றைத்தலைவலிக்குப் பயன்படுத்தினர்.

இவ்வாறு தனித்தனியே இயங்கிய உளவியலாளர், உடலியங்கியலாளர், மருத்துவர், பொறியாளர் ஆகியோர் 1969-இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் கூடி உயிரிப் பின்னூட்ட ஆய்வுக் கழகத்தை நிறுவினர். அதன் முதல் தலைவராகப் பார்பரா பிரவுன் விளங்கினார். இக்கழகம் 1976-இல் அமெரிக்க உயிரிப் பின்னூட்டச் சங்கம் எனப் பெயர் மாறியது. பெயரிலிருந்து ‘ஆய்வு’ என்னும் சொல் நீங்கியது கருதத்தக்கது. ஆய்வாளர்களுக்காகத் தொடங்கப்பட்ட கழகத்தில் சிகிச்சையாளர்களும் பெருகிவந்த காலம் அது.

இதே காலத்தில் பொதுமக்களின் ஆர்வமும் வளர்ந்தது. காமியாவின் ஆய்வைப் பற்றி 1968-இல் வெகுசன உளவியல் இதழொன்றில் வெளிவந்த கட்டுரை பரவலாக வாசிக்கப்பட்டது. 1970-இல் சுவாமி ராமா மெனிங்கர் நிறுவனத்தில் சோதனைகளுக்கு உட்பட்டதும் பெரிதும் பேசப்பட்டது. ஆல்ஃபா அலையைத் தியானத்தோடும் மன அமைதியோடும் இணைத்துப் பேசும் போக்கு உருவாகி, வீட்டிலேயே பயன்படுத்தத்தக்க எளிய கருவிகள் விற்பனைக்கு வந்தன. கருவி வாங்கிய எவரும் தம்மைப் பயிற்றுநர் என அழைத்துக்கொள்ளத்தக்க நிலை தோன்றியது.

2. நிலைபெறாத முடிவுகள்

தொழில் விரிவடைந்த அதே காலத்தில் அதன் அறிவியல் அடித்தளம் ஐயத்துக்கு உள்ளாயிற்று. மில்லர், டிகாரா ஆகியோரின் சோதனைகளில் எலிகளின் தசைகள் குராரே நஞ்சினால் செயலிழக்கச் செய்யப்பட்டு, மூச்சு கருவியின் துணையால் நடைபெற்றது. தசையசைவின் வழியாக இதயத் துடிப்பு மாறவில்லை என்பதை உறுதிசெய்யவே இவ்வேற்பாடு. எனினும் பின்னர் நடத்தப்பட்ட சோதனைகளில் அதே விளைவு கிட்டவில்லை. மில்லரும் பேரி ட்வர்க்கினும் 1974-இல் இச்சிக்கலை வெளிப்படையாக எழுதினர். நீண்ட முயற்சிக்குப் பின்னும் அம்முடிவுகளை மீண்டும் பெற இயலவில்லை என்பதை 1986-இல் ட்வர்க்கினும் மில்லரும் பதிவு செய்தனர். ஆல்ஃபா பயிற்சியில் கிட்டும் அமைதி உணர்வில் பயிற்சி பெறுபவரின் எதிர்பார்ப்புக்கும் சூழலுக்கும் பெரும் பங்கு உண்டு என்பதை 1970களின் ஆய்வுகள் காட்டின.

இதனால் துறை முழுவதும் பொய்த்துவிடவில்லை. தசை மீள்பயிற்சி, தலைவலி முதலியவற்றில் மனிதரிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் எலிச் சோதனைகளைச் சார்ந்து நிற்கவில்லை. ஆயினும், கருவி காட்டும் மாற்றத்துக்குக் காரணம் எது என அறியும் திறன் பயிற்றுநருக்கு இன்றியமையாதது என்பது தெளிவாயிற்று.

இதற்கு முன்னோடியான எடுத்துக்காட்டு இந்திய யோகிகளைப் பற்றிய ஆய்வில் உண்டு. இதயத்தையே நிறுத்தவல்லவர் எனக் கருதப்பட்ட யோகிகளை ஆராய்ந்து வெங்கர், பாக்சி, ஆனந்த் ஆகியோர் 1961-இல் முடிவுகளை வெளியிட்டனர். மூச்சை அடக்கி மார்பு, வயிற்றுத் தசைகளை இறுக்கும்போது நாடி உணரப்படாமலும் இதய ஒலி கேளாமலும் போயின. ஆனால் இதய மின்னலை வரைபடம் இதயம் தொடர்ந்து இயங்கியதைக் காட்டியது. நாடியை மட்டும் நோக்கியவர் இதயம் நின்றது என்பார். மின்னலை வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர் அவ்வாறு கூறார். கண்ணிமைப்பை மூளையலை எனவும், தாடை இறுக்கத்தை நெற்றித்தசை இறுக்கம் எனவும் பிறழக் கொள்ளும் வாய்ப்பு பயிற்சி அறையில் நாள்தோறும் உள்ளது. பிற்காலச் சான்றளிப்புப் பாடத்திட்டத்தில் மின்வாய் பொருத்துதலும் பொய்க்குறிகளை இனங்காணலும் முதன்மை பெற்றதன் காரணம் இதுவே.

3. கருவிக்குச் சட்டம் உண்டு

அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 1976-இல் இயற்றிய மருத்துவக் கருவிகள் சட்டத் திருத்தத்தின் கீழ், உயிரிப் பின்னூட்டக் கருவிகள் இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தவையாக வகைப்படுத்தப்பட்டன. மூளையலை, தசை இயக்கம், தோலின் வெப்பநிலை போன்றவற்றை ஒளி அல்லது ஒலிக் குறிப்பாகக் காட்டி அவற்றை விருப்பம்போல் நெறிப்படுத்த உதவும் கருவி என அதற்கு வரையறையும் தரப்பட்டது. எனவே கருவி எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதற்குச் சட்டம் அமைந்தது.

கருவியைக் கையாள்பவரைப் பொறுத்தவரை நிலை வேறு. உரிமம் வழங்குதல் மாநில அரசுகளின் அதிகாரத்துக்கு உட்பட்டது. 1977-க்குள் எல்லா மாநிலங்களிலும் உளவியலாளர்க்கான உரிமச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்திருந்தன. ஆனால் அவை ஒரு தொழிலின் பெயரையும் எல்லையையும் காத்தன; குறிப்பிட்ட ஒரு நுட்பத்தில் தேர்ச்சி உண்டா என ஆராயவில்லை. உரிமம் பெற்ற உளவியலாளர் மின்வாயை ஒருநாளும் பொருத்தியிராதவராக இருக்கலாம். பல்லாண்டுகள் அப்பணியில் தேர்ந்த செவிலியருக்கோ இயன்முறை மருத்துவருக்கோ அத்தேர்ச்சியைக் காட்டும் ஆவணம் ஏதும் இல்லாதிருக்கலாம்.

நலவாழ்வுத் துறையின் பல பிரிவுகளில் இத்தகைய இடைவெளி இருந்தது. சான்றளிப்பு அமைப்புகளுக்கான தரங்களை வகுக்கும் தேசிய ஆணையம் ஒன்று 1977-இல் கூட்டாட்சி அரசின் ஆதரவுடன் உருவானது. உயிரிப் பின்னூட்டத் தொழிலினர் தமக்கெனச் சான்றளிப்பு அமைப்பொன்றை நாடியது இச்சூழலில்தான்.

4. 1981: சான்றளிப்பு அமைப்பின் தோற்றம்

அமெரிக்க உயிரிப் பின்னூட்டச் சான்றளிப்பு நிறுவனம் 1981-இல் நிறுவப்பட்டது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் இது பி.சி.ஐ.ஏ. எனப்படுகிறது. தொழிலுக்கான தரங்களை வகுத்தலும், அத்தரங்களை எட்டியோர்க்குச் சான்றளித்தலும் இதன் நோக்கங்களாகும். தொழிற்சங்கம் உறுப்பினர்களின் நலனைப் பேணும் கடமையுடையது. சான்றளிப்பு அமைப்பு பொதுமக்களின் நலனைக் கருதி உறுப்பினரையும் மறுக்க வேண்டிய கடமையுடையது. ஆகவே இரண்டும் தனித்தனியே இயங்குதல் தேவையாயிற்று.

இன்றைய நெறிகளின்படி பொது உயிரிப் பின்னூட்டச் சான்றிதழை நாடுபவர் நலவாழ்வு சார்ந்த துறையில் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். மனித உடற்கூறு, உடலியங்கியல் பாடங்களுடன் 42 மணிநேர அடிப்படைப் பாடத்தையும் முடித்தல் வேண்டும். வழிகாட்டுநரின் மேற்பார்வையில் பயிற்சி பெற்று, அதன்பின் எழுத்துத் தேர்வில் தேறுதலும் வேண்டும். பயிற்சியின் ஒரு பகுதியாக அவர் தம் உடலையே கருவியோடு இணைத்துத் தன்னெறிப்படுத்தலைக் கற்க வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது. பிறருக்குக் கற்பிக்கும் திறனைத் தாம் முதலில் பெற்றிருத்தல் வேண்டும் என்னும் கொள்கை இதில் அமைந்துள்ளது.

உரிமம் பெறாதவரும் இச்சான்றிதழைப் பெறலாம். எனினும் மருத்துவ நோய்க்கோ உளநோய்க்கோ சிகிச்சையளிக்கும்போது உரிமம் பெற்றவரின் மேற்பார்வையில் பணியாற்ற அவர் உடன்பட வேண்டும். சான்றிதழ் உரிமத்துக்கு ஈடாகாது என்பதைச் சான்றளிக்கும் அமைப்பே இவ்விதியின்வழி ஏற்றுக்கொண்டுள்ளது.

5. பிரிவுகளின் பெருக்கம்

பேரி ஸ்டெர்மன் பூனைகளிடம் தொடங்கி 1972-இல் வலிப்பு நோயாளியிடம் மேற்கொண்ட மூளையலைப் பயிற்சியும், ஜோயல் லூபார் 1976 முதல் கவனக்குறைவு மிகையியக்கக் குழந்தைகளிடம் மேற்கொண்ட ஆய்வுகளும் நரம்புப் பின்னூட்டம் என்னும் தனிப்பிரிவு வளர வழிவகுத்தன. தசையையும் வெப்பநிலையையும் அளப்பதற்குரிய அறிவு மூளையலையைக் கையாளப் போதுமானதன்று. எனவே 1990களின் பிற்பகுதியில் அதற்கெனத் தனிச் சான்றிதழ் ஏற்பட்டது.

முதியோர்க்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், பொதுவான தசை இறுக்கத்துக்கும் உளஞ்சார் உடல்நோய்க்கும் உயிரிப் பின்னூட்டச் செலவை ஏற்பதில்லை. தசை மீள்பயிற்சிக்கு ஏற்கிறது. சிறுநீர்க் கட்டுப்பாடின்மைக்கு 2001 ஜூலை முதல் குறிப்பிட்ட நிபந்தனைகளுடன் நாடளாவிய ஏற்பு அளிக்கப்பட்டது. இடுப்புத்தளத் தசைக் கோளாறுகளுக்கெனச் சான்றளிப்பில் தனிப்பிரிவு இருப்பதை இப்பின்னணியோடு இணைத்து நோக்கலாம்.

பிரிவுகள் பெருகியபோது பொதுவான வரையறையின் தேவை எழுந்தது. சான்றளிப்பு நிறுவனமும் இரு தொழில்முறைச் சங்கங்களும் 2008-இல் உயிரிப் பின்னூட்டத்துக்கு ஒருமித்த வரையறையை ஏற்றன. தொழிலினர் கூடிக் கழகம் அமைத்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரே இவ்வரையறை உருவானது. 2010-இல் சான்றளிப்பு நிறுவனத்தின் பெயரில் ‘அமெரிக்க’ என்பது நீங்கிப் ‘பன்னாட்டு’ என்பது இடம்பெற்றது.

6. தொடர்கல்வியின் தேவை

பி.சி.ஐ.ஏ. சான்றிதழ் நான்கு ஆண்டுகளுக்கே செல்லும். ஏற்பளிக்கப்பட்ட தொடர்கல்வியை முடித்து அதனைப் புதுப்பித்தல் வேண்டும். தொழில் ஒழுக்கவியல் அக்கல்வியின் கட்டாயப் பகுதியாகும். இவ்விதி வெறும் நிருவாக நடைமுறையாகத் தோன்றலாம். துறையறிவு மாறிய விதத்தோடு ஒப்பிடும்போதே இதன் தேவை விளங்கும்.

1981-இல் தேர்வெழுதியவர், இன்று பெரிதும் கையாளப்படும் இதயத்துடிப்பு மாறுபாட்டுப் பயிற்சியை அன்றைய பாடத்தில் கற்றிருக்க இயலாது. பால் லேரரும் வாஷிலோவும் அதற்கான பயிற்சிக் கையேட்டை வெளியிட்டது 2000-இல்தான். ஒவ்வொரு நோய்க்கும் இம்முறை எவ்வளவு பயன் தருகிறது என்பதை ஐந்து படிநிலைகளில் தரப்படுத்தும் அளவுகோல் 2002-இல் வெளிவந்தது. அதுவரை ‘பயனுள்ளது’ என ஒரே சொல்லால் குறிக்கப்பட்டவை, சான்றுகளின் வலிமைக்கேற்ப வேறுபடுத்தப்பட்டன.

புதிய நுட்பங்களைக் கற்பது எளிது. கற்றதைக் கைவிடுவது அரிது. நரம்புப் பின்னூட்டத்தின் பயனில் பெரும்பகுதி எதிர்பார்ப்பு முதலிய உளவியல் காரணிகளால் விளைவது என 2017-இல் திபோவும் ராஸும் வாதிட்டனர். 7 முதல் 10 வயது வரையுள்ள கவனக்குறைவு மிகையியக்கக் குழந்தைகள் 144 பேரிடம் நடத்தப்பட்ட இருபுற மறைப்புச் சோதனையின் முடிவுகள் 2021-இல் வெளிவந்தன. உண்மைப் பயிற்சி பெற்றோர், போலிப் பயிற்சி பெற்றோர் ஆகிய இரு பிரிவினரும் முன்னேற்றம் கண்டனர்; அவர்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தனிச் சான்றிதழின் தொடக்கக்காலத்திலேயே அதைப் பெற்ற ஒருவர், தம்மிடம் குழந்தையை அழைத்துவரும் பெற்றோரிடம் இம்முடிவை எடுத்துரைப்பாரா என்பதே தொடர்கல்வியின் உண்மையான உரைகல்லாகும்.

இங்கு இருவகைக் குறைகள் புலப்படுகின்றன. முதலாவது, தொடர்கல்வி மணிக்கணக்கால் அளக்கப்படுகிறது. வகுப்பில் அமர்ந்திருந்த நேரத்தை அளக்கலாம். மனத்தில் நேர்ந்த மாற்றத்தை அவ்வாறு அளக்க இயலாது. இரண்டாவது, தொடர்கல்வி வகுப்புகளை நடத்துவோர் பெரும்பாலும் துறையைச் சார்ந்தோரே. தம் முறையின் குறையைத் தாமே கற்பிக்க வேண்டிய கடமை அவர்களுக்கு நேர்கிறது. மில்லர் தம் புகழ்மிக்க முடிவுகளையே 1974-இல் ஐயுற்று எழுதியது இதற்கு முன்மாதிரியாகும்.

முடிவுரை

அரசு கருவியை வகைப்படுத்தியது. மாநிலங்கள் தொழிற்பெயர்களுக்கு உரிமம் வழங்கின. நுட்பத்தில் தேர்ச்சி என்பது இவ்விரண்டுக்கும் இடையே விடுபட்டது. அவ்விடைவெளியை நிரப்பவே 1981-இல் சான்றளிப்பு உருவாயிற்று. சான்றிதழ் பெற்றவர் அடிப்படைப் பாடங்களைக் கற்றார், மேற்பார்வையில் பயின்றார், தேர்வில் தேறினார் என்பதை அது உறுதிசெய்கிறது. அவர் கையாளும் முறை குறிப்பிட்ட நோயைத் தணிக்கும் என்பதை அது உறுதிசெய்யவில்லை. அதனை ஆய்வுகளே கூற வேண்டும். ஆய்வுகளின் கூற்றோ காலந்தோறும் மாறுகிறது. மாறும் அக்கூற்றைப் பயிற்சி அறை வரை கொண்டுசேர்க்கும் பொறுப்பு தொடர்கல்வியைச் சார்ந்தது. எனவே சிகிச்சை நாடி வருபவர், சான்றிதழ் எந்த ஆண்டில் பெறப்பட்டது என்பதோடு, அதற்குப்பின் பயிற்றுநர் எதனைக் கற்றார், எதனைக் கைவிட்டார் என்பதையும் கேட்டறிதல் தகும்.