முட்டையுறை எங்கே நெய்யப்படுகிறது? முதுகெலும்பிகளின் முட்டையுறை மரபணுக்களும் தென்சென்னையின் உயிரினங்களும்

தை முதல் பங்குனி வரை பெசன்ட் நகர்க் கடற்கரையில் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இரவில் கரையோரமாக நடந்து, அந்த முட்டைகளை எடுத்துப் பொரிப்பிடத்தில் சேர்த்துவருகிறது. சற்று வடக்கே, ராஜா அண்ணாமலைபுரத்தில், 1987-இல் நிறுவப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் இருக்கிறது. அதன் முட்டுக்காடு நிலையத்தில் 1997-இல் கொடுவா மீனை அடைப்பில் வைத்து இனப்பெருக்கம் செய்வதில் வெற்றி கிடைத்தது. கிண்டிக் காட்டையும் ஐ.ஐ.டி. வளாகத்தையும் ஒட்டி நாட்டுக் குரங்குகள் திரிகின்றன. தி. நகரின் எந்தத் தெருவிலும் நாய்கள் உண்டு. மீன், ஊர்வன, பறவை, பாலூட்டி என முதுகெலும்பிகளின் பெருங்கிளைகள் பலவும் சில கிலோமீட்டருக்குள் அடங்கிய இடம் இது. இவை அனைத்தின் முட்டையையும் போர்த்தியிருப்பது ஒரே குடும்பத்துப் புரதங்களால் ஆன உறை.

உறை என்றதும் பலருக்குக் கோழிமுட்டை ஓடு நினைவுக்கு வரும். ஓடு அதுவன்று. ஆஃப்பாயில் போடும்போது மஞ்சள்கரு உடையாமல் வட்டமாக நிற்கிறதே, அதைப் பிடித்து வைத்திருக்கும் மெல்லிய சவ்வில்தான் நாம் பேசும் உறை உள்ளது. பாலூட்டிகளில் அதற்கு ஜோனா பெலூசிடா (சுருக்கமாக இசட்பி) என்று பெயர். மீன்களில் கோரியான் என்பர். பெயர்கள் வேறானாலும் மரபணுக்கள் உறவுடையவை.

இம்மரபணுக்களைப் பற்றிய பரிணாம ஆய்வுகளில் பெரும்பகுதி, அவற்றின் எழுத்துவரிசை எப்படி மாறியது என்பதிலேயே நின்றுவிடுகிறது. அந்த வரிசை எந்த உறுப்பில், எந்தச் செல்லில், எப்போது படிக்கப்படுகிறது என்ற கேள்வி இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்படுகிறது. இந்த முன்னுரிமையை மாற்ற வேண்டும் என்பதே என் வாதம். முட்டையுறையின் வரலாற்றையும், அதை வைத்து நாம் செய்ய நினைக்கும் காரியங்களின் வெற்றி தோல்வியையும் வெளிப்பாட்டு இடமே பெரிதும் தீர்மானிக்கிறது.

முதலில் குடும்பத்தைப் பார்ப்போம். இப்புரதங்களின் பொது அடையாளம் சுமார் 260 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பகுதி. 1992-இல் போர்க், சாண்டர் இருவரும் அதை இனங்கண்டு 'இசட்பி பகுதி' என்று பெயரிட்டனர். புரதங்கள் ஒன்றோடொன்று கோத்து நீண்ட இழைகளாவது இப்பகுதியால்தான். உட்செவியின் டெக்டோரினிலும் சிறுநீரகத்தின் யூரோமோடுலினிலும் இதே பகுதி இருக்கிறது. அபலோன் என்ற கடல்நத்தையின் முட்டையுறைப் புரதத்துக்கும் பாலூட்டிகளின் இசட்பி2 புரதத்துக்கும் வடிவ ஒற்றுமை இருப்பதைப் படிகவியல் ஆய்வு 2017-இல் காட்டியது. இந்த நெசவுமுறை முதுகெலும்பிகளைவிடப் பழையது என்பதற்கு அது போதிய சான்று.

முதுகெலும்பிகளில் இக்குடும்பம் ஆறு கிளைகளாகப் பிரிந்தது: இசட்பி1, 2, 3, 4, டி, ஏஎக்ஸ். கோழியிடம் ஆறும் உண்டு. நச்சுக்கொடியுள்ள பாலூட்டிகளில் டி, ஏஎக்ஸ் இரண்டும் இல்லை. மிச்சமுள்ள நான்கும் மனிதரிடம் இருக்கின்றன. மனித ஜோனாவில் நான்கும் புரதமாகவே உள்ளன என்பது 2004-இல் உறுதியானது. சுண்டெலியில் இசட்பி4 செயலிழந்து போலி மரபணுவாகக் கிடக்கிறது. நாயிலும் பசுவிலும் அந்தக் கதி இசட்பி1-க்கு நேர்ந்தது. ஆய்வகச் சுண்டெலி ஜோனாவின் 'மாதிரி விலங்கு' ஆனதால், மூன்று புரதங்கள்தாம் பொதுவிதி என்று நீண்டகாலம் பாடம் நடந்தது. ஏ, பி, சி என்ற பழைய பெயரிடல் வேறு குழப்பத்தைக் கூட்டியது. பழைய கட்டுரைகளில் மனிதருக்கும் குரங்குக்கும் 'இசட்பிபி' என்று எழுதப்பட்டது இன்று இசட்பி4. இதைக் கவனியாமல் இரு காலத்து முடிவுகளை ஒப்பிடுகிறவர்கள் இன்றும் தடுமாறுகிறார்கள்.

இழப்பு வேறுபடுவதுபோலவே, ஒரே மரபணுவின் பொறுப்பும் இனத்துக்கு இனம் வேறுபடுகிறது. இசட்பி1 இல்லாத பெண் சுண்டெலியின் ஜோனா தளர்ந்துபோகிறது, குட்டிகள் குறைகின்றன. ஆனாலும் அது கருவுறுகிறது. மனிதக் குடும்பம் ஒன்றில் அதே மரபணு சிதைந்தபோது முட்டையைச் சுற்றி ஜோனாவே உருவாகவில்லை, பெண்கள் மலடாயினர் என்று 2014-இல் வெளியான ஆய்வு கூறியது. சுண்டெலியில் துணைத்தூணாக இருப்பது மனிதரில் மூலத்தூண்.

இனி வெளிப்பாடு. இங்கேதான் செய்தி செறிந்து கிடக்கிறது.

சுண்டெலியில் எல்லாம் சினைப்பைக்குள், வளரும் முட்டைச் செல்லுக்குள்ளேயே நடக்கிறது. ஃபிக்ளா என்ற படியெடுப்புக் காரணி மூன்று இசட்பி மரபணுக்களையும் ஒருசேர இயக்குகிறது. முட்டை தன் உறையைத் தானே நெய்துகொள்கிறது எனலாம். கோழியிலோ மூன்று தறிகள். இசட்பி1 புரதம் கல்லீரலில் உண்டாகிறது. ஈஸ்ட்ரோஜன் ஆணையிட, குருதியில் மிதந்து சினைப்பையை அடைகிறது. இசட்பி3 முட்டையைச் சூழ்ந்த கிரானுலோசா செல்களில் உருவாகிறது. இசட்பி2 முட்டைச் செல்லிலிருந்தே வருகிறது. சூழ்ந்த செல்களும், தொலைவிலுள்ள கல்லீரலும், முட்டையும் சேர்ந்து ஒரே சவ்வை முடிக்கின்றன. முட்டையுறையைச் சினைப்பையின் தனிச்சொத்தாக நினைத்தவர்களுக்கு 2000-இல் வந்த கல்லீரல் முடிவு வியப்பளித்திருக்க வேண்டும்.

மீன் ஆய்வாளர்கள் வியக்கவில்லை. மெடாக்கா என்ற ஜப்பானிய நெல்வயல் மீனில் உறைப்புரதங்களின் முன்னோடிகளான கோரியோஜெனின்கள் கல்லீரலில் உருவாவது முன்பே தெரிந்திருந்தது. ஆனால் எல்லா மீன்களும் அப்படியில்லை. பழங்கிளையைச் சேர்ந்த விலாங்கு மீனில் உறை மரபணுக்கள் சினைப்பையில் வெளிப்படுகின்றன. கெண்டையிலும் வரிக்குதிரை மீனிலும் அப்படியே. கல்லீரல் வழி எலும்பு மீன்களின் வரலாற்றில் இடையில் தோன்றி, சில கிளைகளில் மீண்டும் கைவிடப்பட்டது என்பதே இதற்குப் பொருந்தும் விளக்கம். கல்லீரலில் நெய்யும் இனங்களின் உறை பொதுவாகத் தடித்தும், சினைப்பையில் நெய்யும் இனங்களின் உறை மெலிந்தும் இருப்பதை ஜப்பானிய ஒப்பீடுகள் காட்டியுள்ளன. வேலை இடம் மாறியதோடு உறையின் தடிமனும் மாறியிருக்கிறது.

எலும்பு மீன்களுக்கு இந்தச் சுதந்திரம் ஏன் கிடைத்தது? அவற்றின் விந்தணு உறையைத் துளைத்துச் செல்வதில்லை. மைக்ரோபைல் என்னும் ஒற்றைத் துவாரத்தின் வழியே நுழைகிறது. விந்தணுவை அடையாளங்காணும் பொறுப்பு உறையிலிருந்து கழன்றது. வரிக்குதிரை மீனில் இனம் பிரித்தறியும் வேலையை முட்டைச் செல்லின் சவ்விலுள்ள பவுன்சர் என்ற புரதம் செய்வதாக 2018-இல் தெரியவந்தது. பொறுப்பு குறைந்த மரபணுக்கள் பல்கிப் பெருகிப் புது வேலைகளை ஏற்றன. அண்டார்க்டிக் மீன்களில் இசட்பி மரபணுக்கள் பலமடங்காகி, உறைபனியைத் தாங்க உதவுகின்றன.

எதிர்வாதத்தின் வலிமையையும் சொல்லியாக வேண்டும். பாலூட்டிகளின் இசட்பி2, இசட்பி3 இரண்டிலும் அமினோ அமிலங்கள் வேகமாக மாறும்படி இயற்கைத் தேர்வு செயல்பட்டிருப்பதை 2001-இல் சுவான்சனும் சகாக்களும் காட்டினர். சுண்டெலி முட்டையில் மனித இசட்பி3-ஐப் பொருத்தியபோது மனித விந்தணு ஒட்டவில்லை. மனித இசட்பி2-ஐப் பொருத்தியபோது ஒட்டியது. ஆகவே யார் யாரோடு சேரலாம் என்பதை எழுத்துவரிசைதான் முடிவு செய்கிறது. இதை மறுக்க எனக்குக் காரணமில்லை. ஆனால் அது விந்தணு முட்டையைத் தொடும் கணத்தின் கதை. உறை அதற்கு நெடுநாள் முன்பே நெய்யப்பட்டுவிடுகிறது. அந்த நெடுங்காலத்தைப் புறக்கணித்தால் என்ன ஆகும் என்பதை நம் தெருநாய்களே சொல்கின்றன.

1959-இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் அமைப்பின் முயற்சியால், நாய்களைக் கொல்வதை விட்டுக் கருத்தடை அறுவைக்கு மாறும் திட்டத்தைச் சென்னை மாநகராட்சி 1996-இல் ஏற்றது. அறுவைக்கு மருத்துவர், மயக்க மருந்து, கூண்டு, பராமரிப்பு எல்லாம் வேண்டும். ஒரு ஊசியால் கருத்தடை செய்ய முடிந்தால் எவ்வளவு எளிது! ஜோனாவுக்கு எதிரான தடுப்பூசி அந்த நம்பிக்கையில் பிறந்தது. புது தில்லியின் தேசிய நோய்த்தடுப்பியல் நிறுவனத்தில் சதீஷ் குமார் குப்தாவின் குழு நாட்டுக் குரங்கு, நாய் ஆகியவற்றின் இசட்பி புரதங்களைப் பாக்டீரியாவில் தயாரித்து இவ்வழியை ஆராய்ந்தது. நாயின் இசட்பி3-ஐச் செலுத்திய பெண் நாய்களில் பெரும்பாலானவை கருத்தரிக்கவில்லை. ஆனால் காரணத்தைத் தேடிச் சினைப்பையைப் பார்த்தபோது சினைக்குமிழ்களின் வளர்ச்சியே குன்றியிருந்தது. விந்தணுவைத் தடுக்க வேண்டிய எதிர்ப்பொருள், முட்டை வளரும் கட்டத்திலேயே பாய்ந்துவிட்டது. அதற்கு முன்பு பன்றி ஜோனாவை நாய்களில் செலுத்திய அமெரிக்க ஆய்வுகளிலும் சினைப்பைக் கோளாறுகள் தென்பட்டன. காட்டுக் குதிரைகளில் நன்கு பயன்படும் அதே பன்றி ஜோனா ஊசி நாயில் இப்படி நடந்துகொள்கிறது.

வெளிப்பாட்டு இடத்தைப் பார்த்தால் இதில் புதிர் குறைவு. பாலூட்டியின் உறை, சினைக்குமிழ் இளமையாக இருக்கும்போதே முட்டைக்கும் கிரானுலோசா செல்களுக்கும் நடுவில் படியத் தொடங்குகிறது. பன்றி, பசு, முயல் போன்றவற்றில் கிரானுலோசா செல்களும் இசட்பி புரதங்களை உண்டாக்குவதாகச் சான்றுகள் உள்ளன. எதிர்ப்பொருள் எங்கே தாக்கும் என்பதை இலக்குப் புரதத்தின் எழுத்துவரிசை மட்டும் சொல்லாது; அது எந்தச் செல்லில், எந்த நாளில் தோன்றுகிறது என்பதும் தெரிய வேண்டும். அதைச் சுண்டெலியிடம் கேட்டு நாய்க்கு எழுத முடியாது. இசட்பி1-ஐ இழந்த நாயின் உறை, இசட்பி4-ஐ இழந்த சுண்டெலியின் உறையன்று.

இதே தர்க்கம் அடையாற்றிலும் பொருந்தும். கல்லீரலில் உறை நெய்யும் இனங்களில், ஆண் மீனின் கல்லீரலிலும் உறை மரபணுக்கள் இருக்கின்றன; ஈஸ்ட்ரோஜன் மிகக் குறைவாக இருப்பதால் உறங்குகின்றன. ஆற்றில் கழிவுநீரோடு ஈஸ்ட்ரோஜன் போன்ற வேதிப்பொருள்கள் கலந்தால் அவை விழித்துக்கொள்கின்றன. முட்டையே இடாத மீன் முட்டையுறையை நெய்யத் தொடங்குகிறது. மாசை அறியும் அடையாளமாக இதைப் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். சுத்திகரிக்கப்படாத சாக்கடை சேரும் அடையாறு கழிமுகத்தில், ஆண் மடவையின் கல்லீரலைச் சோதிப்பது ஒரு முதுகலை மாணவருக்குத் தகுந்த ஆய்வுப்பொருள். கொடுவா இன்னும் சுவையான பொருள்: ஆணாக வாழ்க்கையைத் தொடங்கிப் பின்னர் பெண்ணாகும் அம்மீனின் கல்லீரலில் இம்மரபணுக்கள் எந்தக் கட்டத்தில் விழிக்கின்றன என்று பார்க்க, முட்டுக்காட்டைவிட ஏற்ற இடம் இல்லை.

நாயில் இம்மரபணுக்கள் எப்போது விழிக்கின்றன என்று பார்க்கவும் வழி உண்டு. கருத்தடை மையங்களில் பெண் நாய்க்கு அறுவை செய்யும்போது நீக்கப்படும் சினைப்பைகள், கணக்குக் காட்டுவதற்காக எண்ணப்பட்டு, பின் அழிக்கப்படுகின்றன. வெவ்வேறு வயதில், இனச்சுழற்சியின் வெவ்வேறு நாளில் உள்ள நம் நாட்டு நாய்களின் திசு அது. எந்த ஆய்வகத்திலும் இத்தனை வகையாகக் கிடைக்காது. எந்த உயிரையும் இதற்கென வருத்தவும் தேவையில்லை. எண்ணிக்கை முடியும்வரை காத்திராமல், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சிறு துண்டை ஆர்.என்.ஏ. கெடாத கரைசலில் இட்டு, நாயின் வயதையும் அறுவை நாளையும் குறித்து வைக்குமாறு மையங்களின் மருத்துவர்களையும், அவற்றை வாங்கிப் பாதுகாக்குமாறு சென்னைப் பல்கலைக்கழக, கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.