பிரம்படிக்கு முன் ஒரு கேள்வி

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோவிலுக்குப் பழம்பெயர் திருப்பெருந்துறை. கொடுங்கைகளின் கல்வேலைப்பாட்டை வியந்து திரும்புவோரே அங்கு மிகுதி. அத்தலத்தோடு பிணைந்த திருவாதவூரர் கதையை, அரசு ஊழியர் ஒருவர் மீதான ஒழுங்கு நடவடிக்கையாகவும் நாம் வாசிக்க இடமுண்டு.

அரிமர்த்தன பாண்டியனின் அமைச்சர் வாதவூரர். குதிரை வாங்கக் கருவூலப் பொன்னுடன் கீழைக் கடற்கரைக்குச் சென்றவர், பெருந்துறையில் குருவைக் கண்டு, அப்பொன்னைத் திருப்பணிக்குச் செலவிட்டார். அலுவலக மொழியில் சொன்னால், ஒதுக்கிய நிதியை வேறு பணிக்குத் திருப்பினார். பரிகளாக வந்தவை இரவில் நரிகளாக மாறவே, அரசன் அவரை வைகையின் சுடுமணலில் நிறுத்தினான். பொன் செலவானது உண்மைதான். ஆனால் குற்றம் சாட்டியவனும் தீர்ப்பளித்தவனும் தண்டித்தவனும் ஒருவனே.

அடுத்து வைகை பெருகிற்று. வந்தியின் பங்குக் கரையை அடைக்கப் பிட்டுக்குக் கூலியாளாக வந்த இறைவன், வேலையை விட்டு ஆடினான், உறங்கினான். அரசன் பிரம்பால் அடித்தான். அவ்வடி அரசன் உட்பட எல்லார் மேலும் பட்டது. அமைச்சருக்கும் கூலியாளுக்கும் விசாரணை என ஒன்று நடக்கவில்லை. அவர்களைக் காத்தது அற்புதம் மட்டுமே.

அற்புதம் வாய்க்காத ஊழியருக்கு எது துணை? ஆங்கிலேயர் ஆட்சியிலும் அரச ஊழியர் மன்னர் விழையுமளவும் பதவி வகித்தவரே. 1919ஆம் ஆண்டுச் சட்டம், நியமித்தவருக்குக் கீழ்ப்பட்டவர் ஓர் ஊழியரை நீக்கலாகாது என்றது. 1935ஆம் ஆண்டுச் சட்டம், நீக்குமுன் தம் தரப்பைக் கூற நியாயமான வாய்ப்பு வேண்டும் என்றது. 1950இல் நம் அரசியலமைப்பு 310ஆம் பிரிவில் அந்த விழைவைத் தக்கவைத்து, 311ஆம் பிரிவில் அதற்கு வரம்பு கட்டியது. குற்றச்சாட்டைத் தெரிவிக்க வேண்டும், விசாரிக்க வேண்டும், ஊழியர் விடை சொல்லவும் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் இடம் தர வேண்டும். விசாரணை அதிகாரியின் அறிக்கை நகலையும், தண்டிக்கும் அதிகாரி முடிவெடுக்குமுன், ஊழியருக்குத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1993இல் உறுதிசெய்தது.

அமெரிக்காவில் 1877இல் ஹொரேஸ் வுட் என்பவர் தம் சட்ட நூலில் எழுதிவைத்த விதி வேறு: கால வரையறை இல்லாத வேலையை முதலாளி எப்போது வேண்டுமானாலும் முடிக்கலாம். இனம், சமயம் போன்ற விலக்கப்பட்ட காரணங்கள் நீங்கலாக, மொன்டானா தவிர்த்த மாநிலங்களில் இன்றும் அதுவே பொது விதி. இங்கே, காரணம் கூறாமல் மூன்று மாத அறிவிப்புடன் நிரந்தர ஊழியரை நீக்கும் அரசு நிறுவன விதியொன்றை உச்ச நீதிமன்றம் 1986இல் செல்லாததாக்கியது.

எனினும் 311ஆம் பிரிவிலேயே ஒரு வாயில் திறந்திருக்கிறது. விசாரணை நடத்துவது நடைமுறைக்கு ஒவ்வாதென அதிகாரி எழுத்தில் காரணம் பதிந்தால், விசாரணையின்றியே நீக்கலாம். 1985இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 2003 ஜூலையில் தமிழகத்தில், பறிக்கப்பட்ட சலுகைகளைக் கேட்டு வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியரும் ஆசிரியருமாக ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர், அவசரச் சட்டம் ஒன்றின் துணையோடு, விசாரணையின்றிப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். ஆகஸ்ட் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதித் தந்தே பெரும்பாலோர் பணிக்குத் திரும்பினர். பணி மீண்டது, தம் தரப்பைச் சொல்லும் வாய்ப்பு மட்டும் அவர்களுக்குக் கிட்டவேயில்லை.

விசாரணை என்பது குற்றமற்றவருக்கு மட்டும் உரியது என்று எண்ணுவோர் உளர். வாதவூரரைப் போலப் பொன்னைச் செலவிட்டவருக்கும் அது உரியது. ஏன் செலவிட்டார் என்பதைக் கேட்ட பிறகுதான் தண்டனையின் அளவைத் தீர்மானிக்க இயலும். மதுரையில் விழுந்த அடி எல்லார் முதுகிலும் பட்டது, அடிபட்டவன் இறைவன் என்பதால். மற்றக் கூலியாட்களின் மேல் விழும் அடி அவரவர் முதுகோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் பிரம்பை ஓங்குமுன் ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும் என்று சட்டம் சொல்ல வேண்டியிருக்கிறது.