கும்மாயம் முதல் குக்கர் வரை

பொருநை ஆற்றங்கரையில் உள்ள அம்பாசமுத்திரத்தில் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. வரகுண பாண்டியன் அங்குள்ள சிவன் கோயிலுக்கு 290 காசு கொடுத்து, அதற்கு வட்டியாக ஆண்டுதோறும் 580 கலம் நெல் வரும்படி செய்த ஏற்பாட்டைச் சொல்கிறது அது. தினமும் நான்கு வேளை இறைவனுக்கு அமுது படைக்க வேண்டும். அதற்கு என்னென்ன சாமான் வேண்டும் என்று ஒரு மளிகைச் சிட்டையே அந்தக் கல்லில் இருக்கிறது: செந்நெல் அரிசிச் சோறு, பருப்பில் செய்த கும்மாயம், நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை, காய்க்கறி, புளிங்கறி, பொரிக்கறி. கூடவே மிளகு, மஞ்சள், சீரகம், கடுகு, கொத்தமல்லி.

இதைப் படிக்கும் எவருக்கும் தன் வீட்டு மதியச் சாப்பாடு நினைவுக்கு வராமல் இருக்காது. முதலில் பருப்பும் நெய்யும், பிறகு புளி ஊற்றிய குழம்பு, தொட்டுக்கொள்ள ஒரு பொரியல், கடைசியில் தயிர். சுமார் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளில் அரசுகள் மாறின, மொழி மாறியது, அடுப்பு மாறியது. இந்த நாலு அங்கம் மட்டும் அப்படியே நிற்கிறது. மீன் சமைக்கும் வீடுகளிலும் இதே கதைதான். அயிலையும் மத்தியும் கொதிப்பது புளிக்கரைசலில்தானே.

கல்வெட்டில் இல்லாதவற்றையும் பார்க்க வேண்டும். மிளகாய் இல்லை, தக்காளி இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு, போர்த்துக்கீசியக் கப்பல்கள் வழியாக முதலில் வேர்பிடித்தது மிளகாய். கொடியில் ஏறி, மழை மிகுந்த இடங்களில் விளையும் மிளகைப் போல் அல்லாமல், மிளகாய் எந்த வீட்டுக் கொல்லையிலும் காய்த்தது. விலை குறைந்த காரத்தை ஏழை வீடுகள் உடனே பிடித்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. தக்காளி மிகவும் பிந்தி வந்த விருந்தாளி. இன்று அது இல்லாமல் ரசமே கிடையாது என்று நினைக்கும் அளவுக்கு வீட்டுக்காரி ஆகிவிட்டது.

பழைய சமையல் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டாம். திதி கொடுக்கும் வீட்டு அடுப்படிக்குப் போனால் போதும். அன்றைக்கு மிளகாய் டப்பாவை யாரும் தொட மாட்டார்கள்; காரம் எல்லாம் மிளகுதான். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், தக்காளி, உருளைக்கிழங்கு எதுவும் வாங்குவதில்லை. வாழைக்காய், பாகற்காய், கொத்தவரங்காய், புடலங்காய், சேப்பங்கிழங்கு, சேனை, பயத்தம்பருப்பு, பிரண்டைத் துவையல் என்று இலை நிரம்புகிறது. குடும்பத்துக்குக் குடும்பம் பட்டியல் கொஞ்சம் மாறும். வாழைக்காயும் மிளகும் மாறுவதில்லை. நல்லெண்ணெயில் மிளகும் உளுத்தம்பருப்பும் வறுபடும்போது எழும் வாசனையில் மிளகாய்க்கு முந்திய தமிழ்நாடு இருக்கிறது. செத்தவர்களுக்குப் படைக்கும் நாளில் அவர்கள் சாப்பிட்டதை மட்டுமே சமைப்பது என்ற பிடிவாதம், எழுதி வைக்காத ஒரு சமையல் வரலாற்றைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

சந்தையில் இன்றும் நாட்டுக்காய், இங்கிலீஷ் காய் என்று இரண்டு வகை சொல்வார்கள். இங்கிலீஷ் காய்க்கு ஊர் நீலகிரி. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலை ஏறினார். ஊட்டியில் வீடு கட்டிக்கொண்டு, ஐரோப்பியர்களின் சாப்பாட்டுக்காக உருளைக்கிழங்கும் கோஸும் பயிரிட வைத்தார். துரைமார் மேசைக்கு என்று போட்ட பயிர் மெல்ல மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, அங்கிருந்து சமவெளி எங்கும் பரவியது. பீன்ஸ் பொரியலும் உருளைக்கிழங்கு வறுவலும் நம் வீட்டுக்கு வந்த வழி இதுதான்.

சாம்பாருக்கு ஒரு பிரபலமான கதை உண்டு. 1676 முதல் தஞ்சையை ஆண்ட மராட்டியர் அரண்மனையில், விருந்தாளியாக வந்த மராட்டிய இளவரசன் சம்பாஜியின் பெயரால் அது பிறந்தது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம்தான் வலுவாக இல்லை. தஞ்சை அரண்மனை சமையலில் அக்கறை காட்டியது என்பது மட்டும் உறுதி. இரண்டாம் சரபோஜி காலத்துச் சமையல் குறிப்புகள் ‘சரபேந்திர பாகசாஸ்திரம்’ என்ற பெயரில் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் பருப்பும் புளியும் தமிழ் அடுப்பில் மராட்டியருக்கு எட்டு நூற்றாண்டு முன்பே பக்கத்துப் பக்கத்துச் சட்டிகளில் கொதித்துக்கொண்டிருந்தன. இரண்டையும் ஒரே சட்டியில் கலக்க ஓர் இளவரசன் வந்துதான் ஆக வேண்டுமா என்ன.

இதுவரை சொன்னது கோயிலும் அரண்மனையும் நிலமுள்ள வீடுகளும் சாப்பிட்ட கதை. அந்த 580 கலம் நெல்லை விளைவித்தவர் என்ன சாப்பிட்டார் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. ஆற்றுப் பாசனம் குறைந்த தருமபுரி, கோவை, ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கங்களில் நெல்லுச்சோறு தீபாவளி, பொங்கலுக்கு மட்டும் கண்ணில் படும் பொருளாக இருந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அன்றாடம் கம்பங்கூழ், கேழ்வரகுக் களி, சோளச்சோறு. கூலி வேலைக்குப் போகும் வீடுகளில் பெரும்பாலும் இரவில் ஒருமுறைதான் உலை கொதிக்கும். மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலைக்கும் மத்தியானத்துக்கும் அதுவே. மோர், சின்ன வெங்காயம், சுட்ட கருவாடு அல்லது ஒரு துவையல். மதியத்தில் சுடச்சுடச் சமைத்துச் சாப்பிடுவது என்ற வழக்கமே பலருக்கு மிகச் சமீபத்தியது.

சோறு எல்லோருக்கும் ஆன கதை இருபதாம் நூற்றாண்டின் அரசியல் கதை. சென்னை மாகாணம் பர்மா அரிசியை நம்பியிருந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரத்து நின்றது. ரேஷன் வந்தது, வரிசை வந்தது. 1952இல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று திமுக முழங்கியது. ஆட்சிக்கு வந்த அண்ணாவால் ஒரு படிதான் போட முடிந்தது, அதுவும் முதலில் சென்னையிலும் கோவையிலும். அதே காலத்தில் தஞ்சையில் ஆடுதுறை 27 போன்ற குறுகியகால ரகங்கள் விளைச்சலைக் கூட்டின. 2008இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய், 2011 முதல் இலவசம். தானியக் குதிரைக் கம்பும் வரகும் காலி செய்ய, அந்த இடத்தில் அரிசி மூட்டை வந்து உட்கார்ந்தது. பசியைப் போக்கிய இந்த மாற்றத்தைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அதே சமயம், தட்டில் சோறு மலையாக ஏறி, காய் கரண்டியளவு இறங்கியதும் இதே நாற்பது ஐம்பது ஆண்டுகளில்தான்.

நேரமும் மாறியது. பழைய மெட்ராஸ் குமாஸ்தா காலை ஒன்பது, பத்து மணிக்கே முழுச் சாப்பாடு முடித்துவிட்டு ஆபீஸ் போவார். பிற்பகலில் டிபன், காபி. காலையில் இட்லி, மதியம் டப்பாவில் சோறு என்ற இன்றைய ஒழுங்கு பிறகு வந்தது. அதோடு கட்டுச்சோற்றின் பரம்பரையும் வேலைக்கு வந்தது. மாட்டுவண்டிப் பயணத்துக்கும் ஆடிப்பெருக்குக்கும் செய்த புளியோதரையும் எள்ளுச்சோறும் தயிர்சாதமும், பள்ளிக்கூடப் பைக்குள் தினசரிச் சாப்பாடாக ஏறின.

அம்மியும் ஆட்டுக்கல்லும் ஓய்ந்ததுதான் பெண்களின் உடம்பு அறிந்த பெரிய விடுதலை. கோவையில் 1950களில் உருவான வெட் கிரைண்டர், அதே பத்தாண்டின் இறுதியில் வந்த பிரஷர் குக்கர், பிறகு எரிவாயு அடுப்பு, 2011இல் அரசே வீடு வீடாகக் கொடுத்த மிக்ஸி. பருப்பு வேக ஒரு மணி நேரம் ஊதாங்குழலோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு நாலு விசில் என்பது சின்ன விஷயம் இல்லை.

இவ்வளவு நீண்ட வரலாற்றில் சமைத்தவர்கள் எழுதியது அபூர்வம். அதனால்தான் எஸ். மீனாட்சி அம்மாள் முக்கியமானவர். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். உறவுக்காரர்கள் ஓயாமல் கடிதம் போட்டுச் சமையல் குறிப்பு கேட்டதைப் பார்த்து, இதைப் புத்தகமாகவே போட்டுவிடு என்று மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் சொன்னார். 1951இல் ‘சமைத்துப் பார்’ வந்தது. கண் பார்த்து, கை அளந்து, வாய்வழியாகப் போய்க்கொண்டிருந்ததை, எவ்வளவு புளி, எவ்வளவு தண்ணீர் என்று அளவோடு எழுதினார் அவர். கல்யாணமாகி வெளிநாடு போன எத்தனையோ பெண்களின் பெட்டியில் அந்தப் புத்தகம் பயணம் செய்தது. ஆனாலும் அது ஒரு சமூகத்தின் சைவ அடுப்படி. கொங்கு வீடு, கரிசல் வீடு, கடலோர வீடு அதில் இல்லை.

கொங்கு வீட்டையே எடுத்துக்கொள்ளலாம். அவசரமான நாளில் அங்கே செய்வது அரிசிம்பருப்பு சாதம். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், காய்ந்த மிளகாய் தாளித்து, மஞ்சள்தூள் போட்டு, இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு சேர்த்துக் குழைய வேகவிட வேண்டும். மேலே நெய், பக்கத்தில் தயிர். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அவசரமில்லாத நாளில் கொள்ளு கடைந்து, அதை வேகவைத்த தண்ணீரில் ரசம். தருமபுரிப் பக்கம் களிக்குக் கீரைக் கடைசல். நெல்லைக்குத் தேங்காய்ப்பாலும் பயத்தம்பருப்பும் காயும் சேர்ந்த சொதி. எல்லாமே பருப்பு, காய், புளிப்பு, மோர் என்ற பழைய கணக்குக்குள் அடங்குபவை. எதற்கும் விலை உயர்ந்த சாமான் தேவையில்லை.

மதியம் நன்றாகச் சாப்பிட விரும்புகிறவர்கள் புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. சோற்றைப் பாதியாக்கி, காயை இரண்டு மடங்காக்கி, வாரத்தில் இரண்டு நாள் அரிசிக்குப் பதில் வரகோ சாமையோ வைத்தால் போதும். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கம்பை எப்படி ஈரம் போட்டு இடிப்பது, களியை எந்தப் பதத்தில் இறக்குவது, கருவாட்டுக் குழம்புக்கு எவ்வளவு புளி என்று தெரிந்தவர்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் அளவு கேட்டு எழுதி வையுங்கள்.