தீராத அசதியும் வட ஆற்காட்டு ஸ்ப்ரூவும்

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறுக்கு, மூக்கு வழியாகக் காற்றைத் தள்ளும் சிபேப் முறையை காலின் சல்லிவன் குழு சிட்னியிலிருந்து லான்செட்டில் எழுதியது 1981-ல். அதே வருஷம் வேலூர் சிஎம்சியின் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் ஒருத்தருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு பி12 வேணும்னு ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனா கருவி மாட்டியும் பகலெல்லாம் அசந்து கிடக்கிறவங்களுக்கு, ரெண்டாவதின் முன்கதைதான் தேவைப்படும்.

1960-62-ல் வட ஆற்காட்டுக் கிராமங்களில் ஒரு வயிற்றுப்போக்கு பரவியது. சில நாளில் நிற்கிற ரகம் இல்லை. மாசக்கணக்கில் இழுத்து, உடம்பு வற்றி, சோகை பிடிச்சு, எழுந்து நடக்கவே முடியாம ஆக்கினது. ஒரு லட்சம் பேருக்கு வந்தது, 30,000 பேராவது செத்தாங்க என்பது பேக்கர்-மாத்தன் மதிப்பீடு. பேரு ஸ்ப்ரூ. சாப்பாடு உள்ளே போகும், குடல் அதை உறிஞ்சாது. சாப்பாட்டை மட்டும் விசாரிக்கிற வைத்தியர் இதில் தோத்துப் போவார். ஃபோலிக் அமிலம், பி12, டெட்ராசைக்ளின் என்று தேட வேண்டியிருந்தது.

இதுக்கு முன்னாடியே லூசி வில்ஸ் இந்த வழியில் போயிருக்கார். 1928-ல் பம்பாய் வந்தவர். குன்னூரிலும், 1931-ல் மெட்ராஸ் கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தார். கர்ப்பிணிகளின் கடுஞ்சோகைக்கு மார்மைட் என்கிற ஈஸ்ட் சாறு கேட்டது. வேறொரு சோகையைத் தீர்த்த சுத்திகரித்த ஈரல் சாறு இதில் பலிக்கவில்லை. அப்போ குறைவது வேறு ஏதோ ஒண்ணு, இல்லையா? அதுதான் பின்னால் ஃபோலேட் ஆச்சு.

இப்போ கருவிக்கு வருவோம். மாஸ்க்கில் காற்று கசியுதா, மூச்சு நிற்பது குறைஞ்சிருக்கான்னு கருவியின் பதிவிலேயே தெரியும். அது சரின்னா, கருவியை மாத்தி மாத்தி வாங்குவதில் பிரயோஜனம் இல்லை. தைராய்டு, சர்க்கரை, பி12, மனச்சோர்வு, சாப்பிடுற மாத்திரைகள் எல்லாம் பார்க்கணும். ஹீமோகுளோபின் சரியா இருந்தாலும் ஃபெரிட்டின் குறைஞ்சிருக்கலாம். “ஆம்பூர் பிரியாணி சாப்பிடுறவனுக்கு பி12 எங்கே குறையும்?” என்பவர்களுக்கு ஸ்ப்ரூ ஞாபகம் வரட்டும். சர்க்கரைக்கு வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுத்தாலும் பி12 உறிஞ்சுவது குறையும்.

ஒண்ணு மட்டும்: பரிசோதிக்காம ஃபோலிக் மாத்திரையை மட்டும் முழுங்காதீங்க. சோகை சரியான மாதிரி தெரியும், பி12 இல்லாத நரம்பு உள்ளே கெட்டுக்கிட்டே இருக்கும்.