கார் கைபேசிப் பேச்சுக் கருவி (பின்பொருத்தம்)

ஆலையிலிருந்து புளூடூத் வசதி இல்லாமல் வந்த காரில், கைபேசியைத் தொடாமல் பேசுவதற்காகப் பின்னர் பொருத்தப்படும் கருவி. 2003 டிசம்பர் 1 முதல் பிரிட்டனில் கைபேசியைக் கையில் பிடித்தபடி வண்டி ஓட்டுவது குற்றமானது. பிரான்சின் பாரட் நிறுவனம் விற்ற சிகே3100 இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது.

சிறிய திரையும் குமிழும், மைக், டேஷ்போர்டுக்குள் மறையும் மின்பெட்டி, வயர் தொகுதி ஆகியவை இதன் உறுப்புகள். கார் ரேடியோவை வெளியே இழுத்து, அதன் பின்புற ஐஎஸ்ஓ இணைப்பிக்கும் வண்டியின் வயருக்கும் நடுவே இத்தொகுதியைச் செருகுவார்கள். அழைப்பு வந்ததும் பாட்டு அடங்கி, குரல் கார் ஸ்பீக்கரிலேயே ஒலிக்கும். சிகே3100இல் சிவப்பு வயர் நிலையான 12 வோல்ட்டுக்கு, ஆரஞ்சு சாவி திருப்பினால் வரும் மின்சாரத்துக்கு, கறுப்பு எர்த்துக்கு. சில வண்டிகளில் முதல் இரண்டும் இடம் மாறியிருக்கும். பார்க்காமல் பொருத்தினால், நிறுத்திய காரிலும் கருவி விழித்திருந்து பேட்டரியைத் தின்னும்.

வேலைக்கு முன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுவது வழக்கம். சில ரேடியோக்கள் மறுபடி உயிர்பெறக் குறியீட்டு எண் கேட்கும், அதை முதலிலேயே தேடி வைப்பது நல்லது.

பலர் அலட்சியம் செய்வது மைக்கைத்தான். உள்கண்ணாடி அருகே, ஓட்டுநரின் வாயை நோக்கி அது இருக்க வேண்டும். ஏசி காற்று அடிக்கும் இடத்தில் வைத்தால் எதிர்முனையில் இருப்பவருக்கு இரைச்சலே மிஞ்சும். ஏர்பேக் விரியும் பாதையில் எதையும் ஒட்டக்கூடாது.