வீட்டிலிருந்து வேலை: ஓசூருக்கு இது புதிதல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம் மூக்கண்டப்பள்ளித் தெருக்களில் காலை பத்து மணிக்கு நடந்தால், மாடி வீடுகளிலிருந்து கம்பெனி மீட்டிங் நடக்கும் சத்தம் கேட்கிறது. பெங்களூரு வேலை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் அத்திப்பள்ளி தாண்டிப் போகிறார்கள், மற்ற நாள் வீட்டில்தான். கூட வேலை செய்பவர்களின் முகமே தெரியவில்லை என்று என்னிடம் படித்த சிலர் வருத்தப்படுகிறார்கள். ஒட்டுதல் வரட்டும் என்று கம்பெனிகள் ஆன்லைனில் விளையாட்டுப் போட்டி வைக்கின்றனவாம். பாதிப் பேர் கேமராவை அணைத்துவிட்டுத் துணி துவைக்கிறார்களாம்!

வீட்டில் இருந்தபடியே அலுவலக வேலை என்ற எண்ணத்துக்கு அமெரிக்காவில் ஜாக் நில்ஸ் என்பவர் 1973-இல் ‘டெலிகம்யூட்டிங்’ என்று பெயர் வைத்தார். அந்த 1970-களில்தான் நம் ஊரில் சிப்காட் வந்தது. ராகி விளைந்த நிலத்தில் தொழிற்சாலைகள் எழுந்தன. 1980 வாக்கில் டி.வி.எஸ். மொபெட், அசோக் லேலண்ட். 1984-இல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் கடிகார நிறுவனத்தைத் தொடங்கின. அந்தப் பெயருக்குள்ளேயே டாடாவும் தமிழ்நாடும் இருக்கின்றன.

டைட்டனின் முதல் தலைமுறைத் தொழிலாளர் பலர் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு வெளி மாவட்டங்களிலிருந்து வந்த சின்னப் பிள்ளைகள். வீட்டை விட்டு ஒரு நாள்கூடத் தங்கியறியாதவர்கள். தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் இந்த ஊர் அவர்களுக்கு வெளிநாடு மாதிரிதான். நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? வீடுகளைப் பிடித்துப் பிள்ளைகளைக் கூட்டாகத் தங்கவைத்து, பார்த்துக்கொள்ள வளர்ப்புப் பெற்றோரைப் போலப் பெரியவர்களை அமர்த்தியது. நேரத்துக்குச் சோறு, காய்ச்சல் வந்தால் கவனிக்க ஓர் ஆள். செர்க்ஸஸ் தேசாய் தலைமையில் நடந்த நிறுவனம் அது. நுணுக்கமான வேலையைக் கற்றுக்கொடுப்பதற்கு முன் பிள்ளைகளின் பயத்தைப் போக்க வேண்டும் என்று யாரோ அங்கே யோசித்திருக்கிறார்கள். வாத்தியார் வேலையில் இருந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது அடுத்த கதை. 1990-களில் மைராடா என்ற தொண்டு நிறுவனம் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களை வளர்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண்களுக்கு டைட்டன் கடிகாரப் பட்டைகளைக் கோர்க்கும் வேலை வந்தது. ‘மெடோ’ என்ற பெயரில் அவர்களே ஒரு நிறுவனமாகவும் ஆனார்கள். ஆலைக்கு வெளியே நடந்த ஆலை வேலை அது. இன்று சொல்கிற ‘ரிமோட்’ வேலைக்கு நம் ஊர்ப் பாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்களைச் சேர்த்து வைத்திருந்தது கடிகாரம் அல்ல, சங்கம். குழுக் கூட்டம் என்றால் வட்டமாக உட்கார வேண்டும், சேமிப்புப் பணத்தை எல்லோர் முன்பும் எண்ண வேண்டும், யாருக்குக் கடன் அவசரம் என்று பேச வேண்டும். ஒருத்தியின் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், இன்னொருத்திக்கு மருத்துவச் செலவு. ஒருத்தர் கஷ்டம் மற்றவருக்குத் தெரிந்த பிறகுதான் வேலை வந்தது. இப்போதைய கம்பெனிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. வேலையை முதலில் கொடுத்துவிட்டு, உறவை வெள்ளிக்கிழமை மாலை ஒரு மணி நேரத்தில் உண்டாக்கப் பார்க்கிறார்கள்.

சங்கம் இல்லாமல் வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. திருநெல்வேலிப் பக்கமும் வேலூர்ப் பக்கமும் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றிய பெண்களைப் பாருங்கள். ஆளுக்கொரு திண்ணை. இலையும் தூளும் கொடுக்கிற ஏஜென்ட் ‘இந்தக் கட்டு சரியில்லை’ என்று கழித்தால் கேட்க நாதியில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு என்ன கூலி என்றுகூடத் தெரியாது. அவர்களையும் தொழிலாளர்தான் என்று சட்டம் ஏற்க 1966 வரை ஆனது. பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்த வருடம் அது. 1972-இல் அகமதாபாத்தில் எலா பட் ‘சேவா’ சங்கத்தைத் தொடங்கினார். அவரைப் போன்றவர்கள் விடாமல் போராடியதால், வீட்டு வேலைத் தொழிலாளருக்கென 1996-இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 177-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதில் இன்னும் சேரவில்லை.

லேப்டாப்போடு தனியறையில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வருகிறது. சம்பளம் பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து நாற்காலிக்காரருக்கு என்ன சம்பளம், யாரை எதற்கு அனுப்பினார்கள் என்பது இவர்களுக்கும் தெரிவதில்லை. ஒரு நாள் மெயில் வருகிறது, கணினி பூட்டிக்கொள்கிறது. வழியனுப்பக்கூட ஆள் இல்லை.

வீட்டிலிருந்து வேலை செய்யும் பிள்ளைகள் கமெண்ட்டில் எழுதுங்கள்: உங்கள் டீமில் எத்தனை பேருடைய ஊர்ப் பெயர் உங்களுக்குத் தெரியும்? பீடி சுற்றிய, பட்டை கோர்த்த அம்மாக்களின் பிள்ளைகளும் இதைப் படிப்பீர்கள். அம்மாவிடம் கேட்டு அந்தக் கூட்டங்களைப் பற்றி நாலு வரி போடுங்கள்.