குதிரையின் காலுக்குத் தட்டணுவா, ஸ்டெம் செல்லா?

வேலிக்கம்பி விலாவில் கிழித்தால் குதிரைக்கு அது பெரிய சங்கடமில்லை. காயம் சுருங்கிச் சிறு தழும்போடு மூடிக்கொள்ளும். அதே கம்பி முழங்காலுக்குக் கீழே கிழித்தால் மாதக்கணக்கில் இழுக்கும். அங்கே தசை கிடையாது, எலும்பின்மேல் தோல் இறுகிக் கிடக்கிறது. காய விளிம்பிலிருந்து புதுத்தோல் விலாவில் நாளொன்றுக்குச் சுமார் 0.2 மி.மீ. வளரும், காலில் அதில் பாதிகூட வளராது. அதற்குள் நடுவிலிருந்து செஞ்சதை எழும்பித் தோல் மட்டத்தைத் தாண்டிவிடும். பட்டாலே ரத்தம் கசியும். நரம்பு ஓடாத சதை என்பதால் வெட்டினாலும் வலிக்காது. இளஞ்சிவப்பாக ஊர்ந்து வரும் புதுத்தோலோ அந்த மேட்டில் ஏற முடியாமல் அடியிலேயே நின்றுவிடும்.

இந்தக் காயத்துக்கு இன்று அதிகம் பேசப்படும் மருத்துவங்கள் இரண்டு. ஒன்று பிஆர்பி எனப்படும் தட்டணு செறிந்த பிளாஸ்மா. குதிரையின் கழுத்து நாளத்தில் ரத்தம் எடுத்துச் சுழற்றினால், குழாயின் அடியில் சிவப்பணுக்கள், மேலே வெளிர்மஞ்சள் பிளாஸ்மா, இடையில் மெல்லிய வெண்படலம் என்று பிரியும். தட்டணுக்களைச் செறிவாகப் பிரித்தெடுத்துக் காயத்தில் இடுவார்கள். அவை வளர்ச்சிக் காரணிகளைக் கொட்டும். லாயத்திலேயே அன்றைக்கே முடிகிற வேலை, செலவும் குறைவு.

மற்றொன்று ஸ்டெம் செல். எலும்பு மஜ்ஜையிலோ வால் அருகிலுள்ள கொழுப்பிலோ எடுத்து ஆய்வகத்தில் வளர்க்க வாரக்கணக்கில் ஆகும். புதுக்காயம் அதுவரை காத்திருக்காது என்பதால், வேறு குட்டியின் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து முன்பே வளர்த்து உறைய வைத்த செல்களையும் பயன்படுத்துகிறார்கள். இந்தச் செல்கள் பெரும்பாலும் தோலாக மாறுவதில்லை. அவை சுரப்பவைதான் அழற்சியைத் தணித்துக் காயத்தின் போக்கைத் திருப்புகின்றன.

கால் காயத்தைப் பொறுத்தவரை என் மனம் ஸ்டெம் செல் பக்கமே சாய்கிறது. அங்கே வளர்ச்சிக்குப் பஞ்சமில்லை, நிற்கத் தெரியாத வளர்ச்சிதான் தொல்லை. சதையைத் தூண்டும் டிஜிஎஃப்-பீட்டா என்ற காரணி கால் காயத்தில் ஏற்கெனவே நெடுநாள் தங்கிவிடுகிறது. தட்டணுக்கள் கொட்டுவதிலும் அதுவே முக்கியமானது. கிறிஸ்டின் தியோரே உள்ளிட்ட குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில், முன்காலின் கீழ்ப்பகுதியில் பிஆர்பி இட்ட காயங்களில் சதை மிகையாக வளர்ந்தது, ஆறுவதும் தாமதித்தது. மாறாக, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வில், தொப்புள்கொடி ரத்த செல்களை ஊசியால் செலுத்திய கால் காயங்களின் பரப்பு குறைந்திருந்தது. சில குதிரைகளில் கண்ட முடிவுதான். ஆனாலும் காயத்தின் இயல்போடு பொருந்துகிறது.

அதற்காகப் பிஆர்பியை ஒதுக்கிவிட முடியாது. பெருமளவு சதை இழந்த காயம், வெளுத்துத் தேங்கிப்போன பழங்காயம் ஆகியவற்றுக்கு அது உதவக்கூடும் என்று தியோரே குழுவே எழுதியது. ஸ்டெம் செல்லிலும் சிக்கல் உண்டு: பிற குதிரையின் செல்களைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் உடல் அவற்றை எதிர்க்கலாம்.

எதைத் தேர்ந்தாலும் முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். செத்த எலும்புத் துண்டு உள்ளே கிடந்தால் அதை அகற்றாமல் எந்த மருந்தும் பலிக்காது. மேலெழுந்த சதையைத் தோல் மட்டத்துக்குச் சீவிவிட்டு, அதன் பிறகே செல்லையோ பிளாஸ்மாவையோ கேட்க வேண்டும்.